மருமகன் கசக்கும் சட்டைகள் குறித்து தோஹா மச்சானுக்கு

காத்தான்குடி,
வியாழக்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பின்.

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அப்ஹாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடன்பிறந்த ராத்தா சித்தி நபீஸாவைக் கைப்பிடித்தவனும், பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருப்பவனும், தான் கட்டிய வீட்டின் பின்னறையில் தானே குடியிருப்பவனுமாகிய முனாப் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் இங்கே அனைவரும் சுகம். உங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். நானும் சவூதியில் காய்ந்து வந்தவன் என்பதால் அங்குள்ள வெயில் எனக்குத் தெரியும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அனைவரும் சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்துக்காக. என் வலது தோள் சுகமில்லை, மனம் சுகமில்லை, கடை வாசலில் உடுப்பு மாட்டி நிற்கும் பொம்மைக்கு ஒரு கை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் பேசி முடித்துத் தந்த மாப்பிள்ளை. உட்கார்ந்து வாசியுங்கள், இது நின்றுகொண்டு வாசிக்கிற கடிதம் அல்ல. வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் ராத்தா குரல் செய்திகளை அயல்வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்பார், என் போனும் பாதி நேரம் அவர் கையில், சுவருக்கு அந்தப் பக்கம் மருமகன். ஆகவே நாளை தோஹாவுக்குத் திரும்புகிற நம் அயல்வீட்டு அஸாமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான்: மருமகன் ஷிஹானுக்கு அங்கே ஒரு விசா எடுத்துக் கொடுங்கள். ஏன் என்பதற்குத்தான் மிச்சக் கடிதம்.

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நீங்கள் தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "மச்சான், மாப்பிள்ள ஏறாவூர். வந்தாறுமூலை கம்பஸ்ல படிச்சவர். உடுப்பு லைன்ல இருக்கார். வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான ஆக்கள் அவர்ட உடுப்பத்தான் போடுறாங்க." காலமெல்லாம் துணிக்குள்ளேயே கிடந்தவனும், ஆண்பிள்ளை இல்லாதவனும், எனக்குப் பிறகு இந்தக் கடைக் கதிரையில் யார் உட்காருவார் என்று தூக்கம் கெட்டவனுமாகிய நான் அதைக் கேட்டதும் வேறொன்றும் விசாரிக்கவில்லை. பருத்தியா பொலியெஸ்டரா, எங்கே தைக்கிறார், பொத்தான் யாரிடம் எடுக்கிறார், ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையன் தலை குனிந்து ஸலாம் சொன்னார், தோளில் சட்டை கசங்கியிருந்தது, நான் எழும்பிப் போய் நீவிவிட்டேன், சம்பந்தம் முடிந்தது. துணியில் சுருக்கம் கண்டால் என் கை என்னைக் கேட்காமல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் நிக்காஹ் அன்று மேடையில் எத்தனை தரம் உங்களை நீவினேன்! அந்தச் சந்தோஷத்தில், கல்யாணத்துக்கு முன்பே ஆரையம்பதியில் போர்ட் எழுதுகிறவரிடம் சொல்லிக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகையும் எழுதுவித்தேன். 'முனாப் அன் மருமகன்.' நீலத்தில் மஞ்சள் எழுத்து. அது இன்றைக்கும் கடையின் பின்பக்கத்தில் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு நிற்கிறது, எனக்கும் அதன் முகத்தில் முழிக்க வெட்கம்.

நம் ஊர் வழக்கப்படி வீட்டை மகள் ரிப்கா பெயரில் எழுதியாயிற்று. காற்று வரும் முன்னறை மாப்பிள்ளைக்கு, கோழி கத்தும் பின்னறை எங்களுக்கு. அதில் எனக்குக் குறை இல்லை, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முன்னறைச் சுவரில் நான் சட்டை கொழுவுகிற ஆணியில் இப்போது அவர் பாட்டுக் கேட்கிற காதுக் கருவி தொங்குகிறது, அதையும் பொறுத்துக்கொண்டேன். கல்யாணம் முடிந்த முதல் திங்கட்கிழமை, மருமகனோடு சேர்ந்து கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். "வாப்பா, அவர் வேல தொடங்கிட்டார்" என்றாள் ரிப்கா. தையல் மெஷின் சத்தம் கேட்கும் கேட்கும் என்று நெடுநேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் உள்ளே போய்ப் பார்த்தேன். மேசையில் பெரிய சிலேட்டைப் போல ஒரு டெப், அதில் பேனையால் கீறிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சட்டையின் முன்துண்டு, பின்துண்டு, கைத்துண்டு எல்லாம் தையல்காரர் வெட்டிப் பரப்பியதுபோலத் தட்டையாகக் கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ், இது நமக்குத் தெரிந்த தொழில்தான் என்று கிட்டப் போனேன். போனால், மச்சான், டேமேஜ் பீஸ்! கழுத்துப் பட்டிக்குக் கீழே கறுப்பு, கமக்கட்டில் கறுப்பு, முழங்கையில் வரி வரியாய்க் கறுப்பு. மழைக்கு ஒழுகிய லொறியில் வந்த சரக்குப் போல இருந்தது. தள்ளுபடி விற்பனையில் போட்டாலும் திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சியில் எறிவார்கள்.

"மருமகன், இந்தத் துணி எங்கயோ நனைஞ்சிருக்கு போல. கமக்கட்டெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கே?"

"அழுக்கு இல்ல மாமா. நிழல்."

"நிழலா? யாருட நிழல்?"

"சட்டைட நிழல்தான் மாமா. சட்ட தனக்குத் தானே போடுற நிழல்."

அதற்குப் பிறகு மிகவும் பணிவாக விளக்கினார். இது போனில் ஓடுகிற ஒரு யுத்த விளையாட்டாம். "சின்னப் போன்ல உண்மையா மடிப்பு விழ வைக்க ஏலாது மாமா. நாமதான் மடிப்பக் கீறி, பள்ளத்துல நிழல வெச்சு, மேட்டுல வெளிச்சம் வெக்கணும். மேல இருந்து வெயில் அடிக்குது எண்டு நினைச்சுக்கணும். அப்பதான் அது துணியெண்டு கண் நம்பும்." போடுகிற ஆட்கள் எங்கே என்று கேட்டேன். தலை, கை, கால் எல்லாம் வேறு நாட்டில் வேறு யாரோ செய்கிறார்களாம், இவருக்குச் சட்டை மட்டும். ஆக, வெளிநாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் போடுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன உடுப்புக்கு நூலும் இல்லை, துணியும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. மச்சான், உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

சரி, பழக்கினால் பழகுவார் என்று நினைத்து, பின்னேரங்களில் கடைக்கு வந்து சும்மா உட்காரும்படி கேட்டேன். உடனே வந்தார். நான் சொல்லி அவர் மாட்டேன் என்று சொன்னதே இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கதிரையில் உட்கார்ந்தார், அலுமாரியைப் பார்த்தார், அட்டை வைத்துப் பின் குத்தி வந்த புத்தம் புதிய சட்டை ஒன்றை எடுத்தார், பின்களைக் கழற்றினார், அட்டையை உருவினார், பிறகு என் கண் முன்னாலேயே அதை இரண்டு கையாலும் கசக்கினார். கசக்கி மேசையில் போட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டார். "என்ன மருமகன், சட்டையில ஏதும் பிழையா?" என்றேன். "இல்ல மாமா, நல்ல சட்ட. மடிப்பு அழகா விழுது" என்றார். அதன் பிறகு வந்த நாளெல்லாம் கசக்கல்தான். பருத்தி ஒருமாதிரி விழுமாம், நைலெக்ஸ் வேறுமாதிரி விழுமாம். கறுப்பு அபாயாவில் வெளிச்சம் எங்கே நிற்கும் என்று பார்க்க வேண்டுமாம், அதற்காகக் கடை லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரேயொரு மேசை விளக்கை ஓரமாய்ப் பிடித்தார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வாசலோடு திரும்பிப் போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேரோ. பொம்மையின் கையைத் தூக்கினால் கமக்கட்டில் துணி எப்படி இழுபடும் என்று பார்க்கப் போய், கை கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. கல்யாண உடுப்பு எடுக்க வந்த ஒரு குடும்பம் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, இருட்டில் ஒருவர் இன்னொருவரின் கையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஓடிவிட்டது. மருமகனிடம் மாமன் நேருக்கு நேர் குறை சொல்வது நம் ஊரில் உண்டா? மாப்பிள்ளையைப் பேசித் தந்தவரிடம்தானே சொல்வது. ஆகவே அவர் போன பிறகு உட்கார்ந்து எல்லாச் சட்டைகளையும் நானே அயன் பண்ணிப் பின் குத்தினேன், என் விரலைப் பாருங்கள் என்று காட்ட நீங்கள் பக்கத்திலும் இல்லை.

இனி நடந்ததுதான் பெரிது. இதில் என் பிழையும் கொஞ்சம் இருக்கிறது என்று உங்கள் ராத்தா சொல்வார், முழுப் பிழையும் என்று ரிப்கா சொல்வாள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அந்த விளையாட்டில் ஒரு தளபதி வருகிறாராம், அவருடைய பச்சை அங்கிதான் மருமகனின் பெரிய வேலை. ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் முதலாளிக்கு அதைப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை, பிடிக்காவிட்டால் இருக்கிற வேலையும் இல்லை. மாதக்கணக்காகக் குனிந்திருந்து செய்தார். அனுப்ப வேண்டிய நாளன்று நான் கடைப்பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தேன். மருமகன் பள்ளியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. முன்னறைக் கதவு திறந்து கிடந்தது, டெப் மேசையில் வெளிச்சமாய் இருந்தது, அதில் அந்தப் பச்சை அங்கி. மாஷா அல்லாஹ், நல்ல பச்சை. ஆனால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பெரிய சுருக்கம்.

என் கை போய்விட்டது, மச்சான். சத்தியமாக நான் போகச் சொல்லவில்லை. கண்ணாடியில்தானே நீவுகிறோம், என்ன நடந்துவிடப் போகிறது என்று உள்ளங்கையால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தேன். சுருக்கம் போய்விட்டது! உண்மையாகவே போய்விட்டது! இப்படி ஒரு துணியை வாழ்நாளில் நான் கண்டதில்லை. தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, அயன் தேவையில்லை, தொட்டால் நேராகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்துப் பட்டியை நீவினேன், முழங்கையை நீவினேன், கமக்கட்டுக் கறுப்பையெல்லாம் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பச்சையோடு பச்சையாக்கினேன். முடிந்தபோது பெருநாள் சட்டை போல ஒரு கோடு இல்லாமல் இருந்தது. மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து இந்தப் பையனுக்கு நான் செய்த முதல் உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகன் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே நின்று திரையைப் பார்த்தார்.

"எப்பிடி மருமகன்?"

"நல்லா வந்திருக்கு மாமா."

"அப்ப அனுப்புங்களன். இண்டைக்குத்தானே கடைசி நாள்?"

"ஓம் மாமா."

அனுப்பினார். அது போய்ச் சேர்கிற வரைக்கும் நானும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன், பெருமையாக இருந்தது. அந்தத் திரையில் விரல் பட்டால் கீறிய நிழலெல்லாம் கலைந்துவிடுமாம், ஆனால் ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் நான் நீவியதெல்லாம் இல்லாமல் போய்ப் பழைய சட்டை திரும்பி வந்திருக்குமாம். அதை ரிப்கா பிறகு அழுகையோடு சொன்னாள். ஏன் தட்டவில்லை? மாமா பக்கத்தில் இருந்தாராம், மாமாவுக்கு முன்னால் எப்படித் தட்டுவதாம். இப்படி ஒரு மரியாதையை யார் கேட்டது, மச்சான்? வாயைத் திறந்து "மாமா, கெடுத்துட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? அந்த முதலாளி எழுதியிருந்தார், தளபதி அட்டையில் வெட்டி நிறுத்திய ஆள்போல இருக்கிறாராம், வேலை செய்தவர் நித்திரையா என்றும் கேட்டிருந்தார். இன்னும் ஒரேயொரு தடவை பார்ப்பாராம். அன்றிலிருந்து ரிப்கா என்னோடு கதைப்பதில்லை. உங்கள் ராத்தா கதைப்பார், ஆனால் கேட்கத்தக்கதாக ஒன்றும் இல்லை. கொடுவா மீன் வாங்கினால் நடுத்துண்டு எப்போதும் மருமகனுக்குத்தான், அது முறை. அன்றைக்கு எனக்கு வாலும் இல்லை. மீனில்லாத வெறும் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிவிட்டு, "நீவிச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகன் மட்டும் என்னோடு பழையபடிதான். இரண்டு நாள் கழித்து வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, ஒரு உதவி. காலம வெயில் கடைக்குள்ள சரிவா விழக்குள்ள கொஞ்ச நேரம் நிக்க ஏலுமா? நேத்துப் போட்ட சட்டையோடயே வாங்க. அயன் பண்ண வேணாம்" என்றார். அயன் பண்ணாத சட்டையோடு நான் கடைக்குப் போவதா? கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் ராத்தாவே என்னை அப்படிக் கண்டது குறைவு. ஆனால் குற்றம் செய்தவன், என்ன பேச முடியும்? ஸ்டூலில் ஏறி நின்றேன். துணி அளக்கிற இரும்புக் கோலை வாள் போல உயர்த்திப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். யுத்தகளத்தில் காற்று அடிக்க வேண்டும் என்று மேசைக் காற்றாடியைக் கீழிருந்து விட்டார், நான் உடுத்திருந்த சாரன் பறந்தது, இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். "அப்பிடியே நில்லுங்க மாமா, நல்லா இருக்கு" என்றார். தோள் விட்டுப்போகும் வரைக்கும் நின்றேன். அந்த நேரம் பார்த்து, ஆரையம்பதியிலிருந்து நம்மிடம் மட்டுமே சேலை எடுக்கிற இலட்சுமிப்பிள்ளை அக்கா உள்ளே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "காக்கா, இது வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ?" அன்று பின்னேரமே ஆரையம்பதி முழுக்கக் கதை போய்விட்டது. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் போன் பண்ணி அரங்கேற்றம் எப்போது என்று கேட்கிறார். பள்ளியில் முன்வரிசையில் நிற்கிற மனிதன் நான்!

ஆகவேதான் விசா கேட்கிறேன். பையன் தங்கமானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த முதலாளி ஆம் சொன்னாலும் இல்லை சொன்னாலும், இந்த நிழல் தொழிலைக் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியாது. இன்றைக்கு ஒரு விரல் தேய்த்தால் போய்விடுகிற சரக்கு. அங்கே ஏதாவது துணிக் களஞ்சியத்தில், உண்மையான துணி உள்ள இடத்தில், ஒரு வேலை பாருங்கள். நாமெல்லாம் போகவில்லையா? நானும்தான் ரிப்கா கைக்குழந்தையாக இருந்தபோது போனேன், அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்தேன். அங்கே இருக்கும்போதே வீடு எழும்பியது, திரும்பி வந்ததும் கடை வந்தது, என்ன குறைந்துவிட்டது? ஒரு சில வருடம் போய் வந்தால் பொறுப்பு வரும், நிழல் பைத்தியமும் போகும். நிழல்தான் வேண்டும் என்றால் உங்கள் ஊர் வெயிலுக்கு அது தாராளமாக விழும்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் ராத்தா மாசிச் சம்பலும் கொச்சிக்காய்த் தூளும் அஸாமிடம் தனியாகக் கொடுத்தனுப்புகிறார். உங்கள் ரிஸ்கில் அல்லாஹ் பறக்கத்தைத் தருவானாக, உங்கள் வீட்டில் யாரும் எதையும் கசக்காதிருக்க அவனே அருள்புரிவானாக. விசா விஷயத்தைத் தாமதிக்க வேண்டாம். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
முனாப்

பிற்குறிப்பு: அஸர் தொழுகைக்குப் பிறகு எழுதுகிறேன். பேனை வேறு, மை வேறு, பொறுத்துக்கொள்ளுங்கள். அஸாம் பொதியை எடுக்க வந்த இடத்தில், அவன் வேலை செய்கிற களஞ்சியத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விறாந்தையில் வைத்தே கேட்டுவிட்டேன். முன்னறைக் கதவு திறந்தது. மருமகன் வந்து நின்றார். "மாமா, நீங்க சொன்னா நான் போறன்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும், மச்சான். "நல்லா வந்திருக்கு மாமா" என்று சொன்னாரே, அதே குரல். அன்றைக்கும் இப்படித்தான் நின்றார், நானும் இப்படித்தான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பதில் சொல்வதற்குள் ரிப்கா வெளியே வந்தாள். இத்தனை நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்தாள். "வாப்பா, அவர் உங்களுக்கு இல்லெண்டு சொல்ல மாட்டார். போ எண்டா போயிருவார். மறுகா நான் என்ன செய்யுற?" என்று கேட்டுவிட்டு, காதுக் கருவி தொங்குகிற அந்த ஆணியைக் காட்டினாள். "நீங்க சவூதியில இருக்கக்குள்ள உம்மா உங்கட வெள்ளச் சட்டைய அதுலதான் கொழுவி வெச்சிருந்தா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கழுவி, அயன் பண்ணித் திரும்பக் கொழுவுவா. எனக்கு வாப்பா எண்டா அந்தச் சட்டதான். அதுல ஒரு மடிப்புக் கூட இருக்கல்ல. உள்ளுக்கு ஆள் இல்லாத சட்டையில மடிப்பு எப்பிடி வாப்பா விழும்?" உங்கள் ராத்தா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த மனுஷி ஒன்றும் சொல்லாததை நான் இன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அஸாம் இருந்ததால் தும்மினேன்.

பிறகு ரிப்கா என்னைக் கூட்டிப்போய்த் தளபதியைக் காட்டினாள். முதலாளி நேற்றே ஆம் சொல்லிவிட்டாராம், எனக்குச் சொல்லப் பயந்து வைத்திருந்திருக்கிறார்கள். அதே பச்சை அங்கி, வாள் தூக்கிய கை. வலது தோளில் கழுத்தோரமாக ஒரு மடிப்பு சரிந்து வருகிறது. அது துணிக்கட்டுகளைத் தோளில் சுமந்து சுமந்து என் சட்டை எல்லாவற்றிலும் விழுகிற மடிப்பு. காலம் காலமாக ஒவ்வொரு நாளும் நான் அயன் பண்ணி அழிக்கிற மடிப்பு. அளவு நாடா கிடந்து கிடந்து கழுத்துப் பட்டியில் தேய்ந்த இடத்தில் மெல்லிய மினுக்கம்கூட வைத்திருக்கிறார். இந்தப் பையன் இவ்வளவு நாளும் தலை குனிந்துகொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கை போனது, மச்சான். மடிப்புக்குக் கிட்டவே போய்விட்டது. மருமகன் எனக்கு வழி விட்டு விலகி நின்றார். நான் கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆகவே விசா தேவையில்லை. யாரிடமாவது பேசியிருந்தால் வேறு பையனுக்குக் கொடுங்கள். மேலே எழுதியவற்றில் மாசிச் சம்பலும் ஸலாமும் மட்டும் உண்மை என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்துவிடுங்கள், வேறு கடிதம் எழுத எனக்கு நேரமில்லை, விமான நிலையத்துக்குப் போகிற அஸாமின் பஸ் வந்துவிடும். பெயர்ப்பலகையை நாளை ஜும்ஆவுக்குப் பிறகு மாட்டுகிறோம். எழுத்துக்குக் கீழே கொஞ்சம் நிழல் வைத்துத் தரட்டா என்று மருமகன் கேட்டார், வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அங்கே யாராவது உங்கள் மருமகள் ரிப்காவின் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், உடுப்பு லைனில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். பின் குத்திய புதுச் சட்டைகளைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அதை மட்டும் நீங்கள் போனில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.